எழாத தேங்காய்

என்னைப் பெரியப்பாவிடம் கொடுத்துவிடுவதா, ஹைதராபாத்திலேயே வைத்துக்கொள்வதா என்பதை ஒரு தேங்காய் முடிவு செய்யட்டும் என்று பெரியவர்கள் பேசி வைத்திருந்தார்கள். எனக்கு அப்போது பத்து வயது. தேங்காயின் மேல் எனக்குப் பெரிய மரியாதை ஒன்றும் கிடையாது. சட்னிக்கு ஆகும் என்று தெரியும், அவ்வளவுதான்.

அப்பாவும் பெரியப்பாவும் போர் லாரிக்காரர்கள். திருச்செங்கோட்டுப் பக்கத்திலிருந்து ஆழ்துளைக் கிணறு போடும் லாரிகள் நாடெங்கும் போகும். ஊர் ஊராகத் துளை போட்டுக்கொண்டே போவார்கள். வீட்டுக்கு எப்போது வருவார்கள் என்று அவர்களுக்கே தெரியாது. அனந்தபூர் தாண்டி ஏதோ ஒரு நிலக்கடலைக் காட்டில் வேலை நடந்தபோது, தூக்கிய இரும்புக் குழாய் நழுவி அப்பா மேல் விழுந்தது. காரியமெல்லாம் முடிந்த பிறகு அம்மா என்னையும் அக்காவையும் கூட்டிக்கொண்டு ஹைதராபாத் திருமுல்கேரியில் இருந்த தன் அப்பா வீட்டுக்கு வந்துவிட்டாள்.

அம்மாவின் அப்பாவை எங்கள் பக்கம் அப்புச்சி என்போம். எங்கள் அப்புச்சி ராணுவ வண்டிகளைப் பழுதுபார்க்கும் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இளவயதிலேயே ஹைதராபாத்துக்கு வந்துவிட்டதால் தமிழ் பேசும்போதே நடுவில் வேண்டாம் என்பதற்கு நக்கோ, ஆமாம் என்பதற்கு ஹவ் எல்லாம் வரும். அம்மா பேகம்பேட்டில் ஓர் அலுவலகத்தில் டெலிபோன் எடுக்கும் வேலைக்குப் போனாள். இரண்டு அறை வீட்டில் நாலு பேர். பட்டினி கிடந்தோம் என்று சொல்ல மாட்டேன். மழைக்காலத்தில் மட்டும் கூரை ஒழுகும். அப்போது நானும் அக்காவும் கட்டிலுக்கு அடியில் படுத்துக்கொள்வோம். அது எங்களுக்குப் பிடித்தும் இருந்தது.

தேங்காய் சமாசாரம் இதுதான். போர் போடுகிறவர்களுக்கு நீரோட்டம் பார்க்க ஒரு வழி உண்டு. உரித்த தேங்காயைக் குடுமியோடு உள்ளங்கையில் படுக்க வைத்துக்கொண்டு நிலத்தின் மேல் நடப்பார்கள். அடியில் தண்ணீர் இருக்கும் இடத்துக்கு வந்ததும் தேங்காய் தானாக எழுந்து நிற்கும் என்பார்கள். எல்லோர் கையிலும் எழாது. அதற்கென்று கை வேண்டும். அப்பாவுக்கு அந்தக் கை இருந்தது. பெரியப்பாவுக்கும் உண்டு, ஆனால் தம்பியுடைய கைக்குப் பக்கத்தில் வராது என்று அவரே எல்லோரிடமும் சொல்வார். அவருக்கு மூன்றும் பெண் குழந்தைகள். பெண்கள் கையில் தேங்காயை வைத்துப் பார்க்கும் வழக்கம் அவர்களிடம் இல்லை. ஆகவே அவர் பார்வை என் மேல் விழுந்தது.

ஒரு நாள் போன் செய்தார். அப்புச்சி ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எங்களுக்கும் கேட்டது.

"மாமா, பையனுக்கு அவங்கப்பன் கை வந்திருந்துதுன்னா எங்கிட்ட விட்டுருங்க. நானே படிக்க வெக்கிறேன், லீவு நாள்ல தொழிலும் பழகட்டும். வரலீன்னா உங்களோடயே இருக்கட்டும். அப்பறம் நான் வாயே தொறக்க மாட்டேனுங்க."

அப்புச்சி யோசிக்காமல் சரி என்றார். அம்மா அடுப்படியில் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றாள். போனை வைத்ததும் அவர் அவளிடம் போனார்.

"எதுக்கு அழுவற? தேங்காயாவது, எந்திரிச்சு நிக்கறதாவது. நான் எவ்வளவு மெஷினப் பாத்தவன்! வெச்சுப் பாக்கட்டும், எந்திரிக்காது, போயிருவாங்க. நாம முடியாதுன்னு சொன்னாத்தான் சண்டை. தேங்கா முடியாதுன்னு சொன்னா யாரு கேக்கறது?"

அவர் கணக்கு அது. தோற்கவே முடியாத பந்தயம் என்று நினைத்து ஒத்துக்கொண்டார்.

எனக்குப் போக இஷ்டமில்லை. படிப்பின் மேல் இருந்த ஆசையால் என்று யாரும் தப்பாக நினைத்துக்கொள்ள வேண்டாம். அப்பா செத்த லாரி அப்போதும் ஓடிக்கொண்டிருந்தது. புதிதாகப் பெயின்ட் அடித்து, பெரியப்பாதான் ஓட்டிக்கொண்டிருந்தார். அது நிற்கும் வாசலில் நான் எப்படித் தூங்குவது என்பதுதான் என் கவலை.

அந்த வருஷம் கச்சிபௌலிக்கு அந்தப் பக்கம் பெரிய விவசாயக் கண்காட்சி ஒன்று போட்டிருந்தார்கள். போர் போடும் சாமான்கள் வாங்கப் பெரியப்பா அதற்கு வருவதாக இருந்தது. பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு அங்கேயே வந்துவிடுங்கள், அவர்களும் வேடிக்கை பார்த்த மாதிரி இருக்கும் என்றார். அம்மா எனக்கு எண்ணெய் வைத்துத் தலை சீவினாள். பிறகு என் பள்ளிக்கூடப் பையில் இருந்த புத்தகங்களை எடுத்துவிட்டு இரண்டு சட்டை, இரண்டு டிரவுசர், ஒரு துண்டு வைத்தாள். தேங்காய் எழுந்துவிட்டால் அங்கிருந்தே போய்விட வேண்டும் அல்லவா? அதை நான்தான் தோளில் மாட்டிக்கொண்டு போனேன்.

பஸ்ஸில் அக்கா என் காதில் சொல்லிக்கொடுத்தாள். அவளுக்குப் பன்னிரண்டு வயது. பள்ளிக்கூடத்தில் தெலுங்கும் ஹிந்தியும் பேசிப் பேசி அவள் தமிழ் ஒரு மாதிரியாக ஆகியிருந்தது.

"தேங்கா கொஞ்சம் அசைஞ்சாலும் டக்குனு கீழ போட்டுரு. புரிஞ்சுதா, சம்ஜா?"

"பெரியப்பா அடிச்சா?"

"அடிக்க மாட்டாரு. டென்ஷன் நக்கோ. கை வழுக்கிருச்சுனு சொல்லு. எண்ணெய் வேணும்னா தலையிலேர்ந்து தேச்சுக்க."

நான் அப்போதே தலையைத் தேய்த்து உள்ளங்கையில் தடவிக்கொண்டேன்.

கண்காட்சி என்றால் நான் ராட்டினம் இருக்கும் என்று எதிர்பார்த்திருந்தேன். ராட்டினம் இல்லை. டிராக்டர்கள் இருந்தன, சிவப்பும் நீலமும் பச்சையுமாக, சக்கரத்தில் மண் படாத டிராக்டர்கள். ஜில்லாக்களிலிருந்து பஸ் பஸ்ஸாக விவசாயிகளைக் கொண்டுவந்து இறக்கியிருந்தார்கள். எல்லோர் தலையிலும் ஏதோ ஒரு விதைக் கம்பெனியின் தொப்பி. சொட்டுநீர்க் குழாய்க்காரர்கள் ஒரு கட்டில் அகலத்துக்குத் தக்காளித் தோட்டமே போட்டுக் காட்டினார்கள். ஒரு கொட்டகையில் எருமைக் கடா ஒன்று எண்ணெய் பூசிக்கொண்டு நின்றது. அதற்குத் தனியாக ஃபேன் வைத்திருந்தார்கள். எங்கள் வீட்டில் இருந்த ஒரே ஃபேனைவிட அது பெரிது. அக்கா கடை கடையாகப் போய் இலவசமாகக் கொடுத்த துணிப்பைகளையும் தொப்பிகளையும் வாங்கிச் சேர்த்தாள். அப்புச்சி டிராக்டர் விற்கும் இளைஞன் ஒருவனிடம் மூடியைத் திறக்கச் சொல்லி, உள்ளே தலையை விட்டு, ஹிந்தியில் அவனைக் கேள்வியாகக் கேட்டுக் களைப்பாக்கிக்கொண்டிருந்தார். அன்று காலை முழுவதும் அவர் மிகவும் சந்தோஷமாக இருந்தார். நான் மட்டும் பையோடு பின்னால் நடந்துகொண்டிருந்தேன்.

பெரியப்பா மோட்டார் பம்பு கடைகளின் பக்கம் எங்களுக்காகக் காத்திருந்தார். வெள்ளைச் சட்டை, வேட்டி, நெற்றியில் விபூதி. என்னைப் பார்த்ததும் அப்படியே தூக்கிக்கொண்டார். டீசல் வாசனை வந்தது. அது அப்பாவின் வாசனை.  பெரியப்பா கெட்டவராக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"சாப்டயா கண்ணு? என்ன இப்படி எளச்சுப் போயிட்டே?" என்றவர் என் கையை விரித்துப் பார்த்தார். "மாமா, பாருங்க. அவங்கப்பன் கையேதானுங்க. ஏண்டா எண்ணெய்ப் பிசுக்கா இருக்குது?" தன் துண்டால் அழுத்தித் துடைத்துவிட்டார். எங்கள் திட்டத்தில் பாதி அத்தோடு போயிற்று.

கடைகளுக்குப் பின்னால் ஒரு தண்ணீர்த் தொட்டி இருந்தது. அதற்குப் பக்கத்தில் அந்த மைதானத்துக்கான போர் ஓடிக்கொண்டிருந்தது. குழாயிலிருந்து தண்ணீர் தொட்டியில் கொட்டியது. அந்த இடத்தைப் பெரியப்பா முன்கூட்டியே பார்த்து வைத்திருந்தார். அடியில் தண்ணீர் உண்டா இல்லையா என்ற சந்தேகமே வேண்டாம். கை இருந்தால் தேங்காய் எழுந்தே ஆகவேண்டும். வாசலில் வாங்கிய தேங்காயை, தண்ணீர் இருக்கிறதா என்று காதருகே வைத்து ஆட்டினார். தலையை அசைத்துக்கொண்டார்.

"மொதல்ல நான் வெச்சுக் காட்டறேனுங்க. அப்பத்தான் உங்களுக்கும் நம்பிக்கை வரும்."

"காட்டுங்க மாப்ள, காட்டுங்க. சர்க்கஸ் பாத்து ரொம்ப நாளாச்சு" என்றார் அப்புச்சி. அக்காவைப் பார்த்துக் கண்ணடித்தார்.

பெரியப்பா செருப்பைக் கழற்றிவிட்டு, தேங்காயை உள்ளங்கையில் படுக்க வைத்துக்கொண்டு தூரத்திலிருந்து நடந்து வந்தார். தொட்டியை நெருங்கும்போது குடுமி லேசாக நடுங்கியது. இன்னும் ஓர் எட்டு வைத்தார். தேங்காய் எழுந்தது. யாரோ கீழிருந்து தள்ளிவிட்ட மாதிரி மெதுவாக எழுந்து, குடுமி வானத்தைப் பார்க்க, கையில் நின்றது. சுற்றி நின்ற விவசாயிகளில் ஒருவர், "அம்மோ! லேசிந்தி ரா!" என்று தெலுங்கில் கத்தினார். கூட்டம் கூடிவிட்டது.

அப்புச்சி சிரிப்பதை நிறுத்தினார். "இன்னொருக்கா" என்றார். பெரியப்பா மறுபடி நடந்தார். மறுபடி எழுந்தது. அப்புச்சி குனிந்து கைக்கு அடியில் பார்த்தார். மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார். விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். பழுதே தெரியாத இன்ஜின் முன்னால் நிற்கிறவர் போல நின்றார். அப்புறம் கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். 

அந்த நேரம் பார்த்து, சாமான் விற்கிற ஆள் ஒருவர் வந்து பெரியப்பாவைக் கூப்பிட்டார்.

"இதைக் கொஞ்சம் புடிங்க மாமா. ரெண்டு வார்த்தை பேசிட்டு வந்தர்றேன்" என்று தேங்காயை அப்புச்சியிடம் கொடுத்தார் பெரியப்பா.

"நான் பாப்பாவ பாத்ரூமுக்குக் கூட்டிட்டுப் போயிட்டு வந்தர்றேன் மாப்ள" என்றார் அப்புச்சி.

அக்கா பாத்ரூம் போகவேண்டும் என்று சொல்லவே இல்லை. அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவர் அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டார். என்னைப் பெரியப்பாவோடு தனியாக விட்டுவிட்டுப் போனதே எனக்குக் கெட்ட சகுனமாகப் பட்டது. எதிரே காட்சிக்காக ஒரு புது போர் லாரியை மாலை போட்டு நிறுத்தியிருந்தார்கள். "ஏறிப் பாக்கறயா கண்ணு?" என்று கேட்டார் பெரியப்பா. நான் தலையை ஆட்டி மறுத்தேன். அவர் என் தலையில் கை வைத்தபடியே சாமான்காரரிடம் பேசிக்கொண்டிருந்தார்.

அவர்கள் திரும்பி வர நேரமாயிற்று. அக்கா முகவாயைத் துடைத்துக்கொண்டே வந்தாள். கவுனின் முன்பக்கம் நனைந்திருந்தது. இவளுக்கு மட்டும் ஏதோ வாங்கிக் கொடுத்திருக்கிறார் என்று எனக்கு ஆத்திரம் வந்தது. நான் போகப் போகிறவன், எனக்கல்லவா வாங்கித் தந்திருக்க வேண்டும்?

பெரியப்பா தேங்காய்க்குக் கை நீட்டினார். "இருங்க மாப்ள, நானே வெக்கிறேன். அவங்கம்மா பொறந்த பக்கத்துக் கை படட்டும்" என்று சொல்லி அப்புச்சி என் உள்ளங்கையில் வைத்தார். அப்படி ஒரு வழக்கம் இருக்கிறதா என்று தெரியாது. பெரியப்பா நீட்டிய கையை இழுத்துக்கொண்டார்.

நான் நடந்தேன். செருப்பில்லாத காலில் சரளைக்கல் குத்தியது. அக்கா சொன்னதெல்லாம் மறந்துவிட்டது. தேங்காயைத் தவிர வேறெதுவும் கண்ணில் படவில்லை. தொட்டியிலிருந்து தண்ணீர்ச் சத்தம் கிட்டக் கிட்ட வந்தது. பெரியப்பா நின்ற இடத்தைத் தொட்டேன். தாண்டினேன். தொட்டிச் சுவரில் வயிறு இடித்தது. தேங்காய் படுத்த இடத்திலேயே படுத்திருந்தது.

"திரும்பி வா கண்ணு. கைய எளக்கமா வெய்யி. புடிச்சுக்காதே."

மறுபடி நடந்தேன். கிழக்கே பார்த்து நடக்கச் சொன்னார். நடந்தேன். கூட்டத்தில் ஒரு கிழவர், "பில்லாடு பாவம், சின்னோடு" என்று தெலுங்கில் எனக்காக உச்சுக் கொட்டினார். தேங்காய் அசையவில்லை.

"வெயில்ல சூடாயிருச்சாட்ட இருக்குது. எங்க, அதை இப்படிக் குடுங்க" என்று பெரியப்பா கையை நீட்டினார்.

அப்புச்சி அதற்குள் தேங்காயை எடுத்துத் தன் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். "மூணு சுத்து ஆச்சு மாப்ள. இன்னும் என்ன? பேசுனா பேசுனபடி இருக்கோணும்."

பெரியப்பா என் உள்ளங்கையை இன்னொரு தரம் விரித்துப் பார்த்தார். கோபம் இல்லை. அதற்குப் பிறகு அவர் சொன்னதை நான் மறக்கவில்லை.

"சேரி. அந்தக் கை அவங்கூடவே போயிருச்சாட்ட இருக்குது."

ஒரு தொப்பியை என் தலையில் வைத்து அழுத்திவிட்டு, அக்கா கன்னத்தைத் தட்டிவிட்டு, கூட்டத்தில் போய்விட்டார். நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அக்கா என்னை இரண்டு கையாலும் தூக்கி நிறுத்தி, "ஹவ்! ஹவ்! பச் கயா! தப்பிச்சுட்டே!" என்று குதித்தாள். அப்புச்சி வழியில் ஒரு குப்பைத் தொட்டியைப் பார்த்துத் தேங்காயை அதில் போட்டார். கொய்யாப்பழம் வாங்கிக் கொடுத்தார். எருமைக் கடாவை இன்னொரு தரம் பார்க்கலாமா என்று அவரே கேட்டார்.

திருமுல்கேரி பஸ் ஸ்டாப்பில் அம்மா நின்றுகொண்டிருந்தாள். முதலில் அப்புச்சி இறங்கினார், அப்புறம் அக்கா. கடைசியாக நான் இறங்கியதும் அம்மா என் தோளிலிருந்து பையைக் கழற்றி வாங்கிக்கொண்டாள்.  வீட்டுக்குப் போனதும் பையிலிருந்த சட்டை டிரவுசரையெல்லாம் எடுத்து வாளியில் முக்கிச் சோப்புப் போட்டுத் துவைத்தாள். நான் அவற்றைப் போடவே இல்லை, அழுக்கும் இல்லை. அவள் துவைத்துக்கொண்டே ஏதோ பாட்டை முணுமுணுத்தது மட்டும் எனக்குப் புதிதாக இருந்தது.

இத்தனைக்கும் பிறகு நான் பத்தாவது தாண்டவில்லை. அப்புச்சி போன மறு வருஷம், கேட்பார் இல்லாமல், நானாகவே பெரியப்பாவின் லாரியில் போய் ஏறிக்கொண்டேன். ஒடிசா, சத்தீஸ்கர், மத்தியப் பிரதேசம் என்று சில வருஷங்கள் சுற்றினேன். அப்புறம் அதையும் விட்டுவிட்டு வேறு வேறு வேலைகள். அது இருக்கட்டும். சத்தீஸ்கரில் ஒரு வயலில், நீரோட்டம் பார்க்கிறவர் காய்ச்சலில் படுத்துவிட்டார் என்று விளையாட்டாக என் கையில் தேங்காயை வைத்தார்கள். வரப்போரம் வந்தபோது அது எழுந்து நின்றது. எல்லோரும் கைதட்டினார்கள். எழுந்த இடத்தில் துளை போட்டோம். எவ்வளவோ ஆழம் போயும் தண்ணீர் இல்லை, மண்புகைதான் வந்தது.

நான் யோசித்தது புகையைப் பற்றி அல்ல. அந்தத் தேங்காய் கனமாக இருந்தது. நடக்கும்போது உள்ளே தண்ணீர் தளும்புவது கைக்குத் தெரிந்தது. கண்காட்சியில் என் கையில் இருந்தது தளும்பவே இல்லை. அன்று மாலை அக்காவுக்குப் போன் போட்டேன்.

"உனக்கு இப்பத்தான் தெரியுதா?" என்று சிரித்தாள். "பாத்ரூமுக்குப் பின்னால போய், சட்டைப் பாக்கெட்ல இருந்த டெஸ்டரால குடுமியத் தூக்கிட்டுத் தேங்காக் கண்ணுல குத்தினாரு. எல்லாத்தையும் என்னையே குடிக்கச் சொன்னாரு. ஒரே மூச்சுல. எனக்குப் புரையேறிடுச்சு. அப்பறம் குடுமிய இழுத்து மூடிட்டாரு."

"யார்கிட்டயும் சொல்லாதேன்னு சத்தியம் வாங்கினாரா?"

"இல்லடா. உனக்குத் தம்பி வேணுமா வேண்டாமான்னு கேட்டாரு. அவ்வளவுதான்." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "தண்ணி ரொம்ப இனிப்பு" என்றாள்.

கண்காட்சியிலிருந்து அன்று பஸ்ஸில் திரும்பும்போது இதெல்லாம் எனக்கு எங்கே தெரியும்? தப்பித்த சந்தோஷம் வழியில் வரும் மெஹிதிபட்டினம் வரைக்கும்கூட நிற்கவில்லை. அப்பாவின் கை எனக்கு வரவில்லை என்ற நினைப்பு வந்துவிட்டது. அது அவரோடு போய்விட்டது என்று பெரியப்பா சொன்னது காதிலேயே நின்றது. கொய்யாப்பழத்தைத் தின்னாமல் வைத்திருந்தேன். கடைசியில் பொறுக்க முடியாமல், "அப்புச்சி, இன்னொருக்கா வெச்சுப் பாக்கலாம். வேற தேங்கா வாங்கி. வீட்டுலயே" என்றேன்.

அதுவரை அக்காவோடு சிரித்துப் பேசிக்கொண்டு வந்தவர் சட்டென்று என் பக்கம் திரும்பினார். "பேசாம உக்காரு" என்று அதட்டினார். பிறகு என் வலது கையை இழுத்து, விரல்களை உள்ளே மடக்கி, தன் இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் வைத்து மூடிக்கொண்டார்.

பஸ் குலுங்கியது. நான் விழுந்துவிடாமல் இருக்கப் பிடித்திருக்கிறார் என்று நினைத்தேன். எனக்கு ஜன்னலோர இடம் கிடைத்திருந்தது. விழ வழியே இல்லை. கை வியர்த்தது. விடுங்கள் என்று இழுத்துப் பார்த்தேன். திருமுல்கேரி வரும்வரை அவர் விடவில்லை.